பாதி வரைந்ததைக் காட்டாதே

பிர்னோவில் பிப்ரவரி.
டிராம் வளைவில் கிரீச்சிட
மடியில் கணினியை வைத்துக்கொண்டு
பதினோராயிரம் வரிகளை அழித்தேன்.
என்னைவிட மூத்த வரிகள் சில.
எழுதியவர் யாரென்று தேடினால்
இப்போது இல்லாத ஒரு நிறுவனத்தின் முகவரி,
அதற்குக் கீழே ஒரு குறிப்பு:
"இது தற்காலிகம்."

பழைய திரை ஒரே பலகை,
எல்லோர் கையிலும் சுண்ணக்கட்டி.
ஒரு சாளரத்தில் நீங்கள் கடவுச்சொல் தட்டினால்
மூலையில் கிடக்கும் கடிகார நிரல்கூட
எழுத்தெழுத்தாக எண்ணிக்கொண்டிருக்கும்.
பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்பார்கள்;
அங்கே பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை.
படம் வேகமாக நகர்ந்தால் நடுவில் கிழியும்.
குதிரையின் தலை இந்தக் கணத்தில்,
கால்கள் போன கணத்தில்.

புதியதில் அவரவர் தாளில் அவரவர் வரையலாம்.
முடிந்தது என்று சொன்ன பிறகுதான்
தாள் கைமாறும்.
வாங்கி, அடுக்கி, நிழல் சேர்த்து
ஒரே படமாக்குவது ஒருவர் வேலை.
அடுத்த தாளில் என்ன என்று
எந்தத் தாளுக்கும் தெரியாது.
இதை எனக்கு விளக்க ஸ்பின்யெக்
மதிய உணவின்போது எச்சில் தட்டுகளை அடுக்கினான்.
பரிசாரகி வந்து மொத்தமாக எடுத்துப்போனாள்.
"அவள்தான் கம்பாசிட்டர்," என்றான்,
கடைசி உருண்டையை இழந்தவன்.

மார்ச்சில், டார்ட்டு நகரிலிருந்து ஒரு மின்னஞ்சல்.
உர்வே கங்குர். கழுத்துக்குக் கீழே
அசைவது வலது பாதம் மட்டும்.
பாதத்தின் கீழ் ஒரு மிதி,
மிதிக்குப் பின்னால் தம்பி எழுதிக்கொடுத்த
நாற்பது வரி நிரல்.
அதை வைத்துத்தான் பதினான்கு வருடமாக
மரம் அறுக்கும் இயந்திரங்களின் கையேடுகளை
ஃபின்னிஷிலிருந்து எஸ்டோனியனுக்கு மாற்றிப் பிழைக்கிறார்.
அஞ்சலைத் தட்டியது கீழ்வீட்டு அய்வோ,
அவர் சொல்லச் சொல்ல.

"செவ்வாய்க்கிழமை புதுப்பித்தேன்.
என் கால் தட்டுகிறது, ஒரு சாளரமும் திறக்கவில்லை.
நீங்கள் அடைத்தது ஓட்டைதான், ஒப்புக்கொள்கிறேன்.
நான் அதன் வழியாகத்தான்
போய்வந்துகொண்டிருந்தேன்."

சிவப்பு வரிகளைத் திரும்பப் போய்ப் பார்த்தேன்.
திருடன் நுழையும் இடம் என்று
நானே குறித்து வைத்திருந்த இடம்.
திருடன் வந்ததாகத் தகவல் இல்லை.
வந்தவர் இவர்.

மூன்று வாரம் ஆனது
முறையாக ஒரு வாசல் வைக்க.
வாசலில் காவலாக ஒரு பெட்டி:
"இந்த மிதி உங்கள் சாளரங்களில் எழுதலாமா?
ஆம். இல்லை."
பெருமையோடு அனுப்பிவைத்தேன்.
ஒரே வரியில் பதில்:
"ஆம் என்பதை எதனால் அழுத்த?"

அன்று இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டு
இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

அய்வோ அழுத்தினார்.
கணினி மறுநாளும் கேட்டது, அதற்கு மறுநாளும்.
இரவுப் பேருந்தை ஓட்டி முடித்து
ஆறரைக்கு மாடியேறி ஒருமுறை ஆம்.
பிறகு காப்பி.
பேருந்தில் யார் தூங்கிப்போனார்கள்,
யார் மீனை மறந்துவிட்டுப் போனார்கள் என்ற கதை.
இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால்
மிதியால் உர்வே நீளமாகவே எழுதுவார்.

ஏப்ரலில் அதையும் சரிசெய்தேன்.
ஒருமுறை சொன்ன ஆமை இனி மறக்காது.
அனுப்பினேன். எட்டு நாள் சத்தமில்லை.
பிறகு:

"வேலை செய்யும் என்று நம்புகிறேன்.
நான் நிறுவவில்லை.
அய்வோ கேட்டால்
இன்னும் சரியாகவில்லை என்று சொல்லுங்கள்."

அய்வோ என்னை ஏன் கேட்கப்போகிறார்.
வழுவை மூடப் போனேன்.
காரணம் கேட்கும் கட்டத்தில்
சுட்டுக்குறி மின்னிக்கொண்டே இருந்தது.
பாதி எழுதியதை அழித்தேன்.
அதை யாரும் பார்க்கவில்லை;
அப்படித்தான் கட்டியிருக்கிறோம்.